மாமியார், நாத்தனார், மரபணு: எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. மருத்துவம் பற்றியது, ஆனால் எழுதுகிறவள் படிப்பது பி.காம். அதனால் மருந்து, சிகிச்சை என்று எதையும் இங்கே தேட வேண்டாம், அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வரலாறுதான். ஒரு நோய்க்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காரணங்களில் பாதி நோயைப் பற்றியதே இல்லை, பெண்கள் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றியது.

முதலில் நோய் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பையின் உட்சுவரில் ஒரு திசு மாதாமாதம் வளர்ந்து, கரு தங்கவில்லை என்றால் மாதவிடாயாக வெளியேறுகிறது. அதே மாதிரித் திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ குடலின் மேலோ ஒட்டி வளர்ந்தால் அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் ஹார்மோன் சொல்கிறபடி வீங்கும், கசியும். ஆனால் வெளியேற வழி கிடையாது. உள்ளேயே அழற்சி, தழும்பு, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது என்று போகும். உலகத்தில் குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடுமையான வலி ஒரு பக்கம், குழந்தையின்மை இன்னொரு பக்கம். இந்த நோய் உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் இருக்கும் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. மீதிப் பேர் சாதாரணமாகவே கருத்தரிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை.

பழைய கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில், மாதவிடாய் தொடர்பான தொல்லையால் அவதிப்படும் இளம்பெண்களுக்கு ஒரு மருந்து எழுதியிருக்கிறது. சீக்கிரம் கல்யாணம் பண்ணி வை, கர்ப்பமானால் குணமாகிவிடும் என்பதுதான் அது. 2,400 வருடப் பழசு. எங்கள் விடுதியில் மாதத்தில் 2 நாள் வகுப்புக்கு வராமல் சுருண்டு படுத்துக் கிடக்கும் ஒரு தோழிக்கு அவள் அத்தை போனில் சொல்லும் வைத்தியமும் வார்த்தைக்கு வார்த்தை இதேதான். அத்தை ஹிப்போகிரட்டீஸைப் படித்திருக்க வாய்ப்பில்லை :-)

நவீன மருத்துவத்தில் கதை வியன்னாவில் தொடங்குகிறது. கார்ல் ஃபான் ரோகிடான்ஸ்கி என்ற நோய்க்குறியியல் நிபுணர் 1860-ல் கருப்பை உட்சுவர் திசு இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதை விவரித்தார். இவர்தான் முதலில் கண்டவரா, அல்லது பிறகு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இதை விரிவாக ஆராய்ந்த தாமஸ் கல்லனா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக்குள் நாம் போக வேண்டாம். ரோகிடான்ஸ்கியின் பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேறு ஒரு வழியாகத் திரும்பி வருவார்.

நோய்க்குப் பெயர் வைத்தவர் ஜான் சாம்ப்ஸன். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்து அறுவை மருத்துவர். சினைப்பையில் பழைய ரத்தம் கட்டி, கெட்டியான பழுப்பு நிறத்தில் நிற்கும் கட்டிகளைப் பற்றி 1921-ல் எழுதினார். இன்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் வரும் 'சாக்லேட் சிஸ்ட்' அதுதான். இப்படி ஒரு வலிக்கு இவ்வளவு இனிப்பான பெயரா என்று எனக்கு எப்போதும் தோன்றும். 1927-ல் அவர் தன் புகழ்பெற்ற விளக்கத்தை முன்வைத்தார். மாதவிடாய் ரத்தம் முழுவதும் வெளியே வருவதில்லை, கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதில் இருக்கும் திசுத் துணுக்குகள் விதை மாதிரி விழுந்து முளைக்கின்றன என்றார். எளிமையான விளக்கம். இன்றுவரை முழுதாகத் தூக்கிப் போடப்படவில்லை.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. அது பளிச்சென்று தெரிய 57 வருடம் ஆனது. 1984-ல் ஜோகோ ஹால்மே என்பவரும் சகாக்களும் மாதவிடாய் நாட்களில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட பெண்களைக் கவனித்தார்கள். கருக்குழாய் அடைப்பில்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்கு வயிற்றுக்குள் ரத்தம் இருந்தது. நோய் உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும்தான். அதாவது விதை ஏறக்குறைய எல்லோர் வீட்டிலும் விழுகிறது, முளைப்பது மட்டும் பத்தில் ஒருவருக்கு. அப்படியானால் வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. அந்த மண் எது என்பதுதான் மரபணுக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்னால் நடுவில் ஒரு நீண்ட அவமானக் காலம் இருக்கிறது.

1930களின் இறுதியிலும் 1940களிலும் பாஸ்டனில் ஜோ மெய்க்ஸ் என்ற பெரிய மகப்பேறு நிபுணர் இருந்தார். காசு கட்டி வரும் தனிநபர் நோயாளிகளிடம் இந்த நோய் அதிகமாகவும், இலவச வார்டில் வரும் ஏழைப் பெண்களிடம் குறைவாகவும் இருப்பதை அவர் கவனித்தார். பணக்காரப் பெண்கள் தாமதமாகக் கல்யாணம் செய்கிறார்கள், தாமதமாக, குறைவாகக் குழந்தை பெறுகிறார்கள், நோய்க்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்டினார். மருந்து? சீக்கிரக் கல்யாணம், சீக்கிரக் குழந்தை. ஹிப்போகிரட்டீஸ் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பின்னாளில் இது 'வேலைக்குப் போகும் பெண்ணின் நோய்' என்றே பெயர் வாங்கியது. 1958-ல் ராபர்ட் கிஸ்ட்னர், ஹார்மோன் மாத்திரைகளால் உடம்பை ஒரு பொய்க் கர்ப்ப நிலையில் வைத்து இதற்குச் சிகிச்சை செய்யலாம் என்று எழுதினார். நிஜக் கர்ப்பம் கிடைக்காவிட்டால் பொய்க் கர்ப்பம்!

புள்ளியியல் பாடத்தில் பாஸாகும் அளவுக்குப் படித்தவர்களுக்கே மெய்க்ஸின் வாதத்தில் என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். நோயைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும். யாருடைய வலியை டாக்டர் நம்பி வயிற்றைத் திறக்கிறாரோ அவருக்குத்தான் நோய் 'இருக்கும்'. இது ஒன்று. இன்னொன்று இதைவிட முக்கியம். இந்த நோய் கருத்தரிப்பதைத் தடுக்கக் கூடியது. ஆகவே நோய் உள்ளவர்களிடம் குழந்தைகள் குறைவாக இருப்பது நோயின் விளைவாகவும் இருக்கலாம் அல்லவா? கடைக்குக் கூட்டம் குறைந்ததால் சரக்குத் தீரவில்லையா, சரக்கு சரியில்லாததால் கூட்டம் குறைந்ததா என்று பார்க்காமல் கணக்கு எழுதியது போல. (நேர்மையாகச் சொன்னால், மாதவிடாய்களின் எண்ணிக்கை கூடினால் ஆபத்து கூடுகிறது என்பதில் உண்மை உண்டு. அதைப் 'படித்த பெண்ணின் திமிர்' ஆக்கியதுதான் கோளாறு.)

ஏழைப் பெண்களுக்கு, குறிப்பாகக் கறுப்பினப் பெண்களுக்கு, அதே வலி வந்தால் என்ன சொன்னார்கள்? பாலுறவால் பரவும் தொற்றினால் வந்த இடுப்புக்குழி அழற்சி என்று சொன்னார்கள். ஒழுக்கத்தின் மேல் ஒரு கறையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். 1976-ல் சிகாகோவைச் சேர்ந்த டொனால்ட் சாட்மன், அவரும் கறுப்பினத்தவர்தான், அப்படி முத்திரை குத்தப்பட்ட பெண்களை லேப்ராஸ்கோப்பியில் பார்த்தார். ஐந்தில் ஒருவருக்கு மேல் உண்மையில் இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். ஒரே நோய். பணக்காரிக்கு வந்தால் அதிகம் படித்ததன் தண்டனை, ஏழைக்கு வந்தால் நடத்தைக்கான தண்டனை. எந்தப் பக்கம் போனாலும் குற்றவாளி அந்தப் பெண்தான். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்த இடம்தான்.

இனி மரபணு.

குடும்பங்களில் இது தொடர்வதைப் பல டாக்டர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். தெற்கு டகோட்டாவில் ப்ரூக்ஸ் ரானி 1971-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒழுங்கான கணக்கு என்று வந்தது 1980-ல். ஜோ லீ சிம்ப்ஸனும் சகாக்களும் அறுவைச் சிகிச்சையில் நோய் உறுதியான 123 பெண்களின் உறவுகளை விசாரித்தார்கள். 18 வயது தாண்டிய சகோதரிகளில் 5.9 சதவீதம் பேருக்கும், அம்மாக்களில் 8.1 சதவீதம் பேருக்கும் நோய் இருந்தது. சரி, இது அதிகமா குறைவா என்று எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் அவர்கள் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பெண்களின் கணவன்மார்களுடைய அம்மாவையும் சகோதரிகளையும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது மாமியாரும் நாத்தனாரும்! பெரும்பாலும் அதே வசதி, அதே ஊர், அதே மாதிரி வாழ்க்கை, ஆனால் ரத்த சம்பந்தம் இல்லை. அவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான் நோய் இருந்தது. மருத்துவ வரலாற்றில் மாமியாரால் மருமகளுக்கு இவ்வளவு பெரிய உபகாரம் வேறு நடந்திருக்குமா தெரியவில்லை.

ஒற்றை மரபணுவால் வரும் நோய் என்றால் சகோதரிகளில் நாலில் ஒன்று, பாதி என்று விகிதம் வர வேண்டும். 5.9 என்பது அதற்கு ரொம்பக் குறைவு, 1-ஐ விட ரொம்ப அதிகம். ஆகவே பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து, சூழலும் கலந்து உண்டாவது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1980-ல் சொன்னது இன்றுவரை நிற்கிறது.

ஆனால் இதிலும் ஒரு சந்தேகம் எழும். அக்காவுக்கு நோய் என்று தெரிந்தால் தங்கை தன் வலியைச் சீக்கிரம் டாக்டரிடம் சொல்வாள். கண்டுபிடிப்பதுதான் குடும்பத்தில் ஓடுகிறதோ, நோய் அல்லவோ? இதற்குப் பதில் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அந்தச் சின்னத் தீவில் ஊருக்கே வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள், பல நூற்றாண்டுக் கணக்கு. 1981-க்கும் 1993-க்கும் இடையில் நோய் உறுதியான 750 பெண்களின் பெயரை அந்த வம்சாவளிக் கணினியில் போட்டுப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். சகோதரிகளுக்கு ஆபத்து 5.2 மடங்கு. ஒன்றுவிட்ட சகோதரிகளுக்கு 1.56 மடங்கு. ஒன்றுவிட்டவர்கள் பொதுவாக ஒரே வீட்டில் வளர்வதில்லை, ஒரே டாக்டரிடம் போவதில்லை. உறவு தூரமாகத் தூரமாக ஆபத்தும் படிப்படியாக இறங்கினால் அதில் ரத்தத்தின் பங்கு இருக்கிறது.

அதற்கு முன்பே, 1999-ல், ஆஸ்திரேலியாவில் சூசன் ட்ரெலோரும் சகாக்களும் 3,096 இரட்டைப் பிறவிப் பெண்களை ஆராய்ந்து, இந்த நோயின் மரபுப் பங்கு 51 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 2015-ல் ஸ்வீடனின் இரட்டையர்களிடம் பார்த்தபோது 47 சதவீதம் வந்தது. இந்த 51 சதவீதத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 'அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர 51 சதவீத வாய்ப்பு' என்று பொருள் இல்லை. ஒரு மக்கள்தொகையில் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்ற அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியை மரபணு வேறுபாட்டால் விளக்க முடியும் என்றுதான் பொருள். ஒரு தனி மனுஷியைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

இடையில் ஒரு விஷயம். பெண்ணின் குழந்தையின்மைக்கு மரபுக் காரணம் என்றால் எல்லாம் இப்படிச் சிக்கலாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1938-ல் ஹென்றி டர்னர் விவரித்த டர்னர் சிண்ட்ரோம் இருக்கிறது. அதில் ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லை என்பது 1959-ல் தெரிந்தது. 1995-ல் ஃபின்லாந்தில், சினைப்பை வேலை செய்யாத சில குடும்பப் பெண்களிடம் எஃப்.எஸ்.ஹெச் ஹார்மோனை ஏற்கும் புரதத்தின் மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டார்கள். ஒரு பூட்டு, ஒரு சாவி. எண்டோமெட்ரியோசிஸ் அந்த வகை இல்லை. இதில் நூறு சாவிகள், ஒவ்வொன்றும் பூட்டைக் கால் அங்குலம்தான் திருப்பும்.

அது தெரியவே நிறையச் செலவானது. ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் ஆஸ்திரேலியக் குழுவும் ஒன்றாகச் சேர்ந்து, சகோதரிகள் இருவருக்குமே நோய் உள்ள 1,176 குடும்பங்களைத் திரட்டின. 2005-ல் 10-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைச் சுட்டிக் காட்டின. ஆனால் பகுதி என்பது தெரு மாதிரி, வீட்டு எண் அதில் கிடைக்கவில்லை. பிறகு முறை மாறியது. குடும்பத்தை விட்டுவிட்டு, நோய் உள்ள ஆயிரக்கணக்கானோரையும் இல்லாதவர்களையும் வரிசையாக நிறுத்தி, டி.என்.ஏ முழுவதிலும் எங்கெல்லாம் எழுத்து மாறுகிறது என்று பார்ப்பது. 2010-ல் ஜப்பானியர்கள் 9-ஆம் குரோமோசோமில் ஒரு இடத்தைக் கண்டார்கள். 2011-ல் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களிடம் 7-ஆம் குரோமோசோமில் இன்னொன்று. கூடவே முதல் குரோமோசோமில் விண்ட்-4 என்ற மரபணுவின் பக்கத்தில் ஒன்று வலுப்பெற்றது.

ரோகிடான்ஸ்கி திரும்பி வருவது இங்கேதான். கருவில் இருக்கும் பெண் குழந்தைக்குக் கருப்பையும் கருக்குழாயும் உருவாவதற்கு விண்ட்-4 தேவை. பிறவியிலேயே கருப்பை இல்லாமல் இருக்கும் ஒரு நிலைக்கு ரோகிடான்ஸ்கியின் பெயரும் சேர்ந்த ஒரு நீளப் பெயர் உண்டு. அதை ஒத்த நிலையில் இருந்த ஒரு பெண்ணிடம் விண்ட்-4 மரபணுவில் பிழை இருப்பதை 2004-ல் கண்டார்கள். கருப்பையே இல்லாத நிலை, கருப்பைத் திசு வேண்டாத இடத்திலும் முளைக்கும் நிலை, இரண்டையும் விவரித்தவர்களில் அந்த வியன்னா மனிதர் இருக்கிறார். இரண்டுக்கும் அருகில் ஒரே மரபணு வந்து நிற்கிறது. அவர் காலத்தில் மரபணு என்ற சொல்லே கிடையாது.

2023-ல் வந்த ஆய்வு இதுவரை வந்ததில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. நோய் உள்ளவர்கள் 60,674 பேர், இல்லாதவர்கள் 7,01,926 பேர், ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். 42 இடங்கள் கிடைத்தன. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற நீண்டகால வலிகளோடும் இந்த நோய்க்கு மரபணு அளவில் தொடர்பு இருப்பது தெரிந்தது. "வலி எல்லாம் உன் மனசுல" என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த 42 இடங்களையும் கூட்டினால் நோயின் வேறுபாட்டில் சுமார் 5 சதவீதம்தான் விளங்குகிறது. 51 எங்கே, 5 எங்கே! மீதி, இன்னும் சின்னச் சின்ன விளைவு கொண்ட ஏராளமான இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எச்சில் துப்பிக் கொடுத்தால் உன் வியாதியெல்லாம் சொல்கிறேன் என்னும் டி.என்.ஏ பரிசோதனை விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்த 5 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு. நம் பேச்சில் 'மலடி' உண்டு. 'மலடன்' அகராதியில் இருக்கிறான், தெருவில் யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட ஊரில் 'இது மரபு நோய்' என்ற செய்தி பெண் பார்க்க வரும் கூட்டத்தின் கையில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? "அந்தப் பொண்ணோட அக்காவுக்கு கட்டியாம்" என்று ஒரு சம்பந்தம் முறியும். சகோதரிக்கு ஆபத்து 5 மடங்கு என்ற வாக்கியம் பயமுறுத்தும். சிம்ப்ஸனின் கணக்கையே திருப்பிப் படித்தால் நோய் உள்ள பெண்ணின் சகோதரிகள் 100 பேரில் 94 பேருக்கு நோய் கண்டறியப்படவில்லை. மடங்கைச் சொல்கிறவர்கள் அடியெண்ணைச் சொல்வதில்லை. கம்பெனி விளம்பரத்தில் 'லாபம் 5 மடங்கு' என்று போட்டால் போன வருடம் லாபம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கேயும் அதே கேள்விதான்.

குடும்ப வரலாறு தெரிவதால் நடக்கக் கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. பல நாடுகளில் முதல் வலிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் நடுவில் வருடக் கணக்கில் போகிறது. அம்மாவுக்கோ சித்திக்கோ அக்காவுக்கோ இருந்தது என்று தெரிந்தால், 16 வயதில் வாந்தி எடுக்கும் அளவுக்கு வலிப்பவளை "எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று அனுப்பாமல் டாக்டர் கொஞ்சம் உட்கார்ந்து கேட்பார். 2022-ல் ஐரோப்பிய மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில், நோயைக் குணமாக்க என்ற ஒரே நோக்கத்துக்காகக் கர்ப்பமாகுமாறு எந்தப் பெண்ணுக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஹிப்போகிரட்டீஸுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் போக இத்தனை நூற்றாண்டுகள்.

மரபணுத் தேடலின் பலன் மருந்துப் பக்கமும் தெரியத் தொடங்கியிருக்கிறது. 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு, நோய் திரும்பத் திரும்ப வந்த குடும்பங்களில் என்.பி.எஸ்.ஆர்-1 என்ற மரபணுவில் அரிய மாற்றங்களைக் கண்டது. ரீசஸ் குரங்குகளுக்கும் மாதவிடாய் உண்டு, இந்த நோயும் இயற்கையாகவே வருகிறது. அமெரிக்காவில் வளர்க்கப்படும் அந்தக் குரங்குக் குடும்பங்களிலும் அதே மரபணுப் பகுதி தொடர்பு காட்டியது. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது அழற்சியும் வயிற்று வலியும் குறைந்தன. ஹார்மோனைத் தொடாத ஒரு வழி இது. இன்றைய மாத்திரைகளில் பல ஹார்மோனை அடக்குபவை, அவற்றைச் சாப்பிடும்போது கருத்தரிக்க முடியாது. வலியும் குறைய வேண்டும், குழந்தையும் வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு இந்த எலிகள் முக்கியமானவை.